அத்தைக்கு மண் வேண்டாமாம்

"நான் செத்தா என்னைப் பொதைக்கக் கூடாது. எரிச்சிடு."

சவுரியம்மாள் இதைச் சொன்னபோது தேவசகாயத்தின் வாயில் பாதி இட்லி இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

"இன்னா அத்தை சொல்ற?"

"தமிழ்லதானே சொல்றேன்? எரிச்சிடு. சத்தியம் பண்ணியிருக்கிற, மறந்துடாதே."

அங்கேதான் மாட்டிக்கொண்டான். சட்னி ஊற்றுவதற்கு முன்பே, "ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது" என்று அந்தோனியார் படத்தின் மேல் அவன் கையை வைக்கச் சொல்லியிருந்தாள். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகச் சொல்வாள் என்று நினைத்து அவனும் தாராளமாக வைத்தான். விழுப்புரம் ஜங்ஷனில் அவன் பார்சல் குமாஸ்தா. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டதில்லை. அத்தையிடம் மட்டும் கேட்காமல் ஏற்றிக்கொண்டான்.

"நாம வேதக்காரங்க அத்தை! எரிக்கிறது நம்ம வழக்கமா?"

"ஏன், வேதக்காரின்னா நெருப்புல வேக மாட்டாளா? எல்லாம் வேவா. நீ இட்லியைத் துன்னு."

தாயில்லாத பிள்ளையான அவனை இதே திண்டிவனம் வீட்டில் வைத்து வளர்த்தவள் அத்தைதான். அவள் புருஷன் சந்தியாகு கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர், காலராவில் இறந்து, ஆணி அடித்த பெட்டியில் ஊர் திரும்பினார். காலராப் பெட்டியைத் திறந்து முகம் காட்டச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? வந்த சுருக்கில் புதைத்துவிட்டார்கள். தேவசகாயத்துக்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து அத்தைக்கு அவன், அவனுக்கு அத்தை.

அவன் விசுவாசி. கடைசி நாளில் எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்று முழுமனதாக நம்புகிறவன். அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அவன் தூக்கம் கும்பகர்ணத் தூக்கம். பள்ளிக்கூட நாட்களில் அத்தை காதைத் திருகித்தான் எழுப்புவாள். எக்காளம் ஊதும் அன்றும் அவள்தான் வந்து எழுப்ப வேண்டும் என்று அவன் ரகசியமாக ஏற்பாடு செய்து வைத்திருந்தான். இப்போது அவளே சாம்பலாகிவிடுகிறேன் என்றால்?

கையைக் கழுவியும் கழுவாமலும் சாமியார் வீட்டுக்கு ஓடினான்.

பங்குச் சாமியார் இன்னாசி இளவயதுக்காரர். குருமடத்தில் படித்ததெல்லாம் இன்னும் சூடு ஆறாமல் தலைக்குள் இருந்தது. யாராவது சந்தேகம் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்கதான் அத்தைக்குப் புத்தி சொல்லணும். எரிக்கச் சொல்லுது."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்!" என்று சாமியார் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "இருபது வருஷத்துக்கு முன்னாடியே ரோமாபுரியில அனுமதி கொடுத்தாச்சு. போன வருஷம் வந்த புதுச் சட்டத்துலயும் இருக்கு. அடக்கம் பண்றதுதான் உத்தமம். ஆனா எரிக்கிறதும் பாவம் இல்ல. நம்ம பங்குல இன்னும் ஒருத்தரும் கேக்கலையேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்!"

தேவசகாயம் வந்த காரியம் வேறு, நடப்பது வேறு.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் சாமியார். "உயிர்ப்பு இல்ல, மறுவாழ்வு இல்லன்னு சொல்லிக்கிட்டு எரிக்கச் சொல்லக் கூடாது. காரணம் விசுவாசத்துக்கு விரோதமா இருக்கக் கூடாது. அதனால அத்தை ஏன் கேக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

"காரணமா? பசாசுதான் காரணம்!" என்று பின்னால் ஒரு குரல் வெடித்தது.

மெழுகுத்திரிகளைத் துடைத்துக்கொண்டிருந்த உபதேசியார் ராயப்பன். ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, செபம் சொல்வது, அடக்கத்துக்கு முன்னால் நடப்பது எல்லாம் அவர்தான். திண்டிவனத்தில் அவருக்குச் சாமியாரைவிட ஒரு படி கூடுதல் மரியாதை. அவர் சம்சாரம் அமலோற்பவம், சந்தியாகு போன அதே காலராவில், தாய்வீட்டுக்குப் போன இடத்தில் இறந்துபோனாள். அவளும் ஆணி அடித்த பெட்டியில்தான் வந்தாள். எத்தனையோ பேர் பெண் கொடுக்க வந்தும் உபதேசியார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் குழியருகே நின்று அவர் சொல்வதைக் கேட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். "ஒல்லியான பொம்பளை. ஆனா பொட்டியைத் தூக்க ஆறு பேர் திணறினாங்க. ஏன்? அது புண்ணியத்தோட கனம்!"

இந்த வருஷக் கல்லறைத் திருநாளில் சாமியார் ஒரு அறிவிப்புச் செய்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. இனிமேல் புதுக்குழி கிடையாது. புருஷன் குழியைத் திறந்து, எலும்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பெண்டாட்டியை அதிலேயே வைக்க வேண்டும்; பெண்டாட்டி முந்திக்கொண்டால் அவள் குழியில் புருஷனை. உபதேசியார் உடனே எழுந்து, "எனக்கு இங்கே இடம் வேணாம். என்னை நான் பொறந்த வளவனூர்லயே போட்டுடுங்க. என் அமலோற்பவம் தொந்தரவு இல்லாம தூங்கட்டும்" என்றார். அன்றும் மூக்குச் சிந்தினார்கள்.

"கல்லறை தொறக்கறப்போ சாம்பலுக்கு ஏது காலு, எழுந்து நடக்க?" என்று இப்போது உபதேசியார் திரியை ஆட்டினார். "தேவசகாயம், உங்க அத்தை எரிஞ்சா இந்தப் பங்கே எரிஞ்ச மாதிரி!"

தேவசகாயம் அத்தையிடம் திரும்பினான்.

"ஏன் அத்தை எரிக்கச் சொல்ற? காரணம் சொல்லு."

அத்தை இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கூரையைப் பார்த்தாள்.

"தண்ணி" என்றாள். "ஏரிக்குக் கீழ கீது நம்ம கல்லறை. ஐப்பசி கார்த்திகையில குழிக்குள்ள ஊறுமே! எனக்குச் சளி உடம்பு."

இவ்வளவுதானா என்று தேவசகாயத்துக்கு உயிர் வந்தது. ஒலக்கூர் பாதையில் செங்கல் சூளை வைத்திருக்கும் நடராசன் அவனோடு பள்ளியில் படித்தவனுக்கு அண்ணன். அவரை அழைத்துவந்து குழியைச் சுற்றிச் செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசிவிட்டால் ஒரு சொட்டு இறங்காது. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. இந்து ஆயிற்றே, எரிப்பது எவ்வளவு கொடுமை என்று அவர் வாயாலேயே அத்தையைப் பயமுறுத்தச் சொல்லலாம்.

நடராசனும் வந்தார். அத்தை கொடுத்த மோரைக் குடித்தார்.

"அண்ணே, எரிக்கிறதைப் பத்தி அத்தைக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்று தேவசகாயம் கண்ணைக் காட்டினான்.

"எரிக்கிறதா? அது எனக்கு இன்னா தெரியும்? எங்க வூட்ல எல்லாரையும் பொதைக்கிறதுதான். எங்கப்பனை எங்க கொல்லையில மல்லாட்டைச் செடிக்கு நடுவுலதான் பொதைச்சோம்."

"சரி, பொதைச்சா நல்லாத்தானே இருக்குது?"

"எங்கே நல்லா இருக்குது? அந்த வருசம் மழையில குழி உள்வாங்கிக்கிச்சி. தண்ணின்னா அப்படித் தண்ணி! பாவம் எங்கப்பன், நீச்சல் வேற தெரியாது."

"பாத்தியா!" என்றாள் அத்தை.

நடராசனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான் தேவசகாயம். செங்கல் மட்டும் பேசி முடித்தான்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. சாமியார் பிரசங்கத்தில் எரிப்பதைப் பற்றியே பேசினார். யார் கேட்டது என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் பேசும்போதெல்லாம் சவுரியம்மாளைப் பார்த்துப் புன்னகை செய்தார். பூசை முடிவதற்குள் பங்கு ஜனம் இரண்டாகப் பிளந்தது. மண் கட்சிக்கு உபதேசியார் தலைவர். நெருப்புக் கட்சிக்குத் தலைவி, கேட்காமலே, சவுரியம்மாள்.

கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆளைப் புலி துன்னுட்டா? அவன் கடைசி நாள்ல எப்படி எழுந்திரிப்பான்?"

"புலியோட சேந்து எழுந்திரிப்பான்!"

"தனுஷ்கோடிப் புயல்ல கடலோட போனவங்க?"

"கடல் தன்கிட்ட கீற பொணத்தைத் திருப்பிக் குடுக்கும்னு வேதத்துலயே எழுதியிருக்குது. நெருப்பு திருப்பிக் குடுக்கும்னு எங்கியாவது எழுதியிருக்குதா? காட்டு!"

"இரும்புக் கட்டில்ல போட்டு ஒரு புனிதரை வறுத்தாங்களே, அவரு மோட்சத்துல இல்லையா?"

"அவரா கேட்டு வறுத்துக்கினாரு?"

யாரோ யாருடைய துண்டையோ பிடித்து இழுக்க, ஒரு செருப்பு பறக்க, கோயில் மணி அடிக்காமலே எல்லோருக்கும் காது ரீங்கரித்தது. தேவசகாயம் அத்தையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அத்தை, செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசிடலாம். தண்ணி வராது. இப்ப சரியா?"

"சிமெண்டா?" என்று அத்தை திடுக்கிட்டாள். "எப்போ பூசுவே?"

"இப்பவே. மாமா குழியைத் தொறந்து பூசிட்டு மூடிடலாம். நீ நூறு வருசம் இருந்துட்டு நிதானமா வா."

அத்தையின் முகம் மாவு போல வெளுத்தது. "தண்ணிகூடப் பரவால்லடா. உங்க மாமாதான். அவரு குறட்டை விடுவாரு. எக்காளம் ஊதற வரைக்கும் அந்த ஆள் பக்கத்துல படுக்கச் சொல்றியா? எரிச்சிடு."

சாமியாரிடம் ஓடினான். சாமியார் யோசித்தார். "விசுவாசத்துக்கு விரோதமான காரணம் இல்லதான். ஆனா தீர்த்து வைக்கக்கூடிய காரணமாச்சே! குழிக்கு நடுவுல ஒரு சுவர் வெச்சிடலாம்."

அத்தைக்குச் சுவர் பிடிக்கவில்லை. கரையான் வரும் என்றாள். தேக்கில் பெட்டி என்றான். மண்ணுக்கடியில் இருட்டு, எனக்கு இருட்டென்றால் பயம் என்றாள்.  பாசஞ்சர் பிடித்து விழுப்புரம் போய்ப் பெண்டாட்டி கித்தேரியிடம் புலம்பினான்.

"உங்க அத்தைக்கா இருட்டு பயம்?" என்றாள் கித்தேரி. "கரண்டு போனா தனியா கொல்லைக்குப் போய் கேப்பை மூட்டையைத் தூக்கிக்கினு வரும். அது சொல்ற காரணம் ஒண்ணும் காரணமே இல்ல. போய்ச் சுவத்தைக் கட்டுங்க."

சுவர் கட்டுவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை சந்தியாகுவின் குழியைத் திறப்பதாகச் சாமியார் அறிவித்தார். மண் கட்சிக்கு ஜெயம். நெருப்புக் கட்சிக்காரர்கள்கூட, சுவர் வைத்த குழி திண்டிவனத்திலேயே முதல் முறை என்று பார்க்கக் கிளம்பினார்கள்.

மறுநாள் தேவசகாயம் பார்சல் ஆபீசில் மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, வேர்த்து விறுவிறுக்க உபதேசியார் வந்து நின்றார். திண்டிவனத்தைவிட்டுச் சுலபத்தில் அசையாத மனிதர்.

"இன்னா உபதேசியாரே, இவ்ளோ தூரம்?"

"தேவசகாயம், ராவெல்லாம் செபம் பண்ணினேன். எரிக்கிறதுல இன்னா தப்பு?"

மீன் கூடைதான் பேசுகிறதோ என்று தேவசகாயம் சுற்றிலும் பார்த்தான்.

"நீங்கதானே சாம்பலுக்கு ஏது காலுன்னு கேட்டீங்க?"

"ஆதாமை ஆண்டவர் எதுலருந்து பண்ணாரு? தூசியிலருந்து! விபூதித் திருநாள்ல நெத்தியில இன்னா பூசுறோம்? சாம்பல்! அந்த அம்மா ஆசைப்படுது. வயசான ஜீவனை ஏன் பேஜார் பண்றே? ஜல்தியா போய் அந்தக் குழித் தொறக்கிறதை நிறுத்து. அடக்கம் பண்ண குழியைத் தொறக்கிறது மகா பாவம். எரிச்சிடு, எரிச்சிடு."

"இப்பவேவா? அத்தை உயிரோட கீதே!"

"நான் பொதுவாச் சொன்னேன்" என்று உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மண் கட்சித் தலைவரே நெருப்பில் குதித்த காரணம் தேவசகாயத்துக்குப் பிடிபடவில்லை. ஆனால் அத்தையைப் புதைக்க இவ்வளவு தூரம் வந்த பிறகு அவன் திரும்புவதாக இல்லை.

சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். நடராசன் மாட்டுவண்டியில் செங்கல் கொண்டுவந்து இறக்கினார். சாமியார் ஒரு கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, கல்லுல சூலம் இருக்கு?"

"எங்கப்பா காலத்துலருந்து அதான் சாமி எங்க முத்திரை. இந்தச் சூலம் வேற எந்தச் சூளையிலயும் கெடையாது."

"வேதக்காரங்க கல்லறையில சூலமா?" என்று முணுமுணுப்பு எழுந்தது. முத்திரையைச் சுவருக்குள் திருப்பி வைத்துப் பூசிவிடலாம் என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார். உபதேசியார் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு அமலோற்பவத்தின் கல்லறை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சம்சாரத்தின் நினைவு வந்துவிட்டது என்று பெண்கள் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள்.

அங்கே பக்கத்தில் சந்தியாகுவின் கல்லறை மேல் சவுரியம்மாள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு அத்தை."

"மாட்டேன். என்னையும் சேத்து வெட்டு."

கூட்டம் சிரித்தது. தேவசகாயம் சிரிக்கவில்லை. அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். 

"அத்தை, எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகம் இல்ல. உன் மூஞ்சிதான் தெரியும். கடைசி நாள்ல அத்தனை கோடி ஜனம் எழுந்து நிக்கறப்போ, நான் யாரைப் பாத்து ஓடி வர்றது? நீ எங்கேயோ சாம்பலா பறந்துக்கினு இருந்தா, என் காதைத் திருகி எழுப்பறது யாரு?"

சவுரியம்மாள் அவனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினாள்.

"தொற. இன்னா வந்தாலும் என்னைத் திட்டக் கூடாது."

கடப்பாரை இறங்கியது. மண் வெளியே வந்தது. மட்கிப்போன பலகை தெரிந்தது. தேவசகாயம் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்தான். பலகைக்கு அடியில் எலும்பு இல்லை. வரிசையாக, ஒழுங்காக, நல்ல சிவப்பில் செங்கல் இருந்தது. ஒவ்வொன்றிலும் சூலம்.

கூட்டம் நெருக்கியடித்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தது.

"மனுஷன் மண்ணுக்குத் திரும்புவான்னுதான் படிச்சிருக்கேன்" என்றார் சாமியார். "சூளைக்கும் போய்ட்டு வருவான்னு எங்கேயும் படிக்கல."

"காலராவும் இல்ல, கோலாரும் இல்ல" என்றாள் சவுரியம்மாள். "அந்த ஆளு ஒருத்தியைக் கூட்டிக்கினு ரயிலேறிப் போய்ட்டாரு. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா ஊரு கைகொட்டிச் சிரிக்கும். செத்தவன் பொண்டாட்டின்னா அய்யோ பாவம்னு சொல்லும். அதான் சாவடிச்சிட்டேன். இப்ப என்னை இதுலயே போடணும்னு சாமி சட்டம் போட்டாரு. நான் செத்துக் கெடக்கறப்போ இதைத் தொறந்து எல்லாரும் சிரிப்பீங்க. ஒருத்தருக்கும் நான் திருப்பிப் பதில் சொல்ல முடியாதே! அதான் எரிச்சிடச் சொன்னேன்."

"யாரு அத்தை அவ?"

"அதை மட்டும் கேக்காதே. நானும் சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

தேவசகாயத்துக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு ஒன்று புரிந்தது. குழி காலி. சிரிப்பு பீறிட்டு வந்தது.

"அப்ப குறட்டை இல்ல! சுவர் வேணாம்! குழி முழுக்க உனக்கே உனக்கு அத்தை! பொதைச்சிக்கலாமா?"

"இனிமே இன்னா, பொதைச்சிக்கோ" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். கூட்டத்தில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரிக்க, சாமியாரும் சேர்ந்துகொண்டார்.

உபதேசியார் மட்டும் அவசரமாக எழுந்து வந்தார். "போதும். நடந்தது நடந்துபோச்சு. ஒரு பொம்பளையோட மானம் இது. இந்தக் குழியோட போகட்டும். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூடுங்க, ஜல்தியா மூடுங்க."

"என்ன பெருந்தன்மை!" என்று சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் மறுபடி மூக்கைச் சிந்தினார்கள்.

குழிக்குள் இறங்கிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த நடராசன் அப்போதுதான் தலையைச் சொறிந்தபடி நிமிர்ந்தார்.

"இன்னா உபதேசியாரே, அந்தக் காலரா வருசம் நீங்களே வந்து எங்கப்பாகிட்ட வாங்கிக்கினு போன கல்லுல இங்கே பாதிதானே கீது, மீதி உங்க சம்சாரம் பொட்டியிலயா?"